நர்சம்மா எழுதிய ஒரு வரி

காப்பீட்டு நிறுவனங்கள் அனுப்பும் மறுப்புக் கடிதங்களுக்கென்று ஓர் அச்சு உண்டு. பெயரும் பாலிசி எண்ணும் மாறும், வாசகம் மாறாது. 2022 செப்டம்பரில் என் மேசைக்கு வந்ததும் அப்படிப்பட்ட கடிதம்தான். பாலிசி எடுப்பதற்கு முன்பே நோய் இருந்திருக்கிறது, அதை மறைத்திருக்கிறீர்கள், ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் ஒரே பக்கம். கொண்டுவந்தவருக்கு அதில் படிக்கத் தெரிந்தது ரூபாய்க் கணக்கு மட்டும்தான். மிச்சத்தை மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

"நான் என்னத்த வக்கீலம்மா மறைச்சேன்? எனக்கே தெரியாதத எப்பிடி மறைக்க முடியும்?"

இரண்டு வருடம் நான் வாதாடியதெல்லாம் இந்தக் கேள்வியின் சட்ட வடிவத்தைத்தான்.

பொன்னமராவதியை ஒட்டிய ஒரு கிராமம். ஊர் பெயரை விட்டுவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுச் சேதி கொப்பனாபட்டி போய்ச் சேர அரை நாள் ஆகாது. அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கும் அப்படியே இருக்கட்டும். வயது ஐம்பத்து நான்கு. வீட்டுக்காரர் கொத்தனார். மகனுக்குச் சிங்கப்பூரில் கட்டுமான வேலை. 2019 நவம்பரில் லீவில் வந்த மகன், தெரிந்த ஏஜெண்ட் மூலம் அப்பா, அம்மா, தன் மனைவி என்று எல்லோரையும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஒரு குடும்பப் பாலிசி எடுத்தான். படிவத்தை ஏஜெண்ட் நிரப்ப, பையன் கையெழுத்துப் போட்டான். அம்மாவுக்கு ஏதாவது வியாதி உண்டா என்ற கேள்விக்கு நேரே 'இல்லை'. அன்றைய தேதிக்கு அது உண்மை.

2022 ஜனவரியில் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. மார்பகப் புற்றுநோய். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை நடந்தது ஏப்ரலில். மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வந்த பில்லை, நகையை அடகு வைத்தும் மகன் அங்கே கடன் வாங்கியும் கட்டினார்கள். பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டபோதுதான் இந்தக் கடிதம்.

நிறுவனம் பிடித்துக்கொண்டது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த ஒரு வரியை. இடது மார்பில் கட்டி, மூன்று ஆண்டுகளாக. 2022 ஏப்ரலிலிருந்து மூன்று ஆண்டு பின்னால் போனால் 2019 ஏப்ரல். பாலிசி தொடங்கியது நவம்பரில். கணக்கு அவர்களுக்குச் சரியாக விழுந்துவிட்டது.

அக்கா சொன்னது மூன்று மாதம். அவர் பேச்சில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் கட்சிக்காரர் சொல் ஆவணமாகாதே. புகாரைத் தாக்கல் செய்வது எளிதாகத்தான் இருந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வந்த பிறகு, நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தாக்கல் செய்தோம். பாலிசி மகன் பெயரில் இருப்பதால் அம்மா நுகர்வோரே இல்லை என்று முதலில் ஒரு தடை போட்டார்கள். பயனாளியும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அது ஒரே வாய்தாவில் முடிந்தது.

கேஸ் ஷீட்டைக் கேட்டு மருத்துவமனைக்கு எழுதினோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. பலருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கேட்கக் கூச்சம். இந்த மருத்துவமனை ஆணையத்தின் உத்தரவு போன பிறகுதான் கொடுத்தது. அட்மிஷன் குறிப்பில், கையெழுத்தில், 'கட்டி' என்பதற்குப் பக்கத்தில் 3/12 என்று இருந்தது. மருத்துவர்கள் மாதத்தை அப்படித்தான் எழுதுகிறார்கள். வாரமென்றால் கீழே 52, நாளென்றால் 7. சம்மரியைத் தட்டச்சு செய்தவர் அந்த 3-ஐ எடுத்துக்கொண்டு 12-ஐ விட்டிருக்க வேண்டும். இது என் ஊகம். குறிப்பை எழுதிய பயிற்சி மருத்துவர் வேலையை விட்டுப் போயிருந்தார், வந்து சொல்ல ஆளில்லை. நோய் வரலாறு என்று சம்மரியில் இருப்பதை, அதைப் பதிவு செய்த மருத்துவரின் வாக்குமூலம் இல்லாமல் முடிவான சான்றாக எடுக்க முடியாது என்பது நுகர்வோர் ஆணையங்கள் பலமுறை எடுத்த நிலைப்பாடு. அதை நம்பி மட்டும் வாதாடியிருந்தாலும் ஒருவேளை ஜெயித்திருக்கலாம். ஒருவேளை.

நிரூபண வாக்குமூலம் தயார் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பேச்சோடு பேச்சாக, கட்டி தட்டுப்பட்டதும் முதலில் யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரரிடம் என்பார், மகளிடம் என்பார் என்று நினைத்தேன்.

"ஆஸ்பத்திரி நர்சம்மாகிட்டதான். அதுதானே போன வருசம் தடவிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லக்கான்னு சொன்னுச்சு."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். "எந்தப் போன வருசம்?"

மகள் கணக்குப் போட்டாள். மாசி மாதம், தம்பி குழந்தைக்குக் காது குத்துக்கு முன்னால். 2021 பிப்ரவரி. பாலிசி எடுத்து ஒரு வருடம் தாண்டிய பிறகு.

நடந்தது இது. தலைச்சுற்றலுக்கு மாத்திரை வாங்க அக்கா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார். அங்கே தொற்றா நோய்களுக்கென்றே ஒரு செவிலியர். தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முன்னோட்டமாகத் தொடங்கிய பரிசோதனை, 2012-லிருந்து படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் போனது. முப்பது வயதைத் தாண்டிய பெண் எந்த நோய்க்காக உள்ளே நுழைந்தாலும் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, மார்பகத்தையும் கருப்பை வாயையும் பரிசோதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு காகிதத்தில் இருக்கும். அது நடப்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பொறுத்தது. இந்தச் செவிலியர் அக்காவை விடவில்லை. பச்சைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், விரல் நுனிகளை வைத்து வட்டம் வட்டமாக அக்குள் வரை தடவிப் பார்த்திருக்கிறார். அதோடு நிற்காமல் அக்காவின் கையையே பிடித்து, மாசத்துக்கு ஒரு தடவை இப்படிப் பாருங்க, கல்லு மாதிரி ஏதாச்சும் தட்டுப்பட்டா நேரா எங்கிட்ட வாங்க என்றும் சொல்லியிருக்கிறார். அதனால்தான் பதினோரு மாதம் கழித்து அக்காவுக்கு அந்தக் கட்டி தட்டுப்பட்டதே.

அந்தப் பதிவேட்டின் நகல் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அக்கா பெயரிலேயே மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி அனுப்பினோம். அடுத்தவர் மருத்துவ விவரத்தைக் கேட்டால் மறுக்கலாம், தன்னுடையதைத் தானே கேட்பவருக்கு மறுக்க முடியாது. முப்பது நாளுக்குள் சான்றிட்ட நகல் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்த மற்றப் பெண்களின் வரிகளை வெள்ளைத் தாள் வைத்து மறைத்து ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். கறுப்பு ஓரம் போட்ட வெள்ளைக்கு நடுவே ஒரே ஒரு வரி தெரிந்தது: அக்காவின் பெயர், வயது, ஊர், ரத்த அழுத்தம் 150/90, சர்க்கரை அளவு, மார்பகப் பரிசோதனை என்ற கட்டத்தில் 'நார்மல்', கடைசியில் செவிலியரின் சுருக்கொப்பம். அதை ஏ7 என்று குறியீடு செய்தோம்.

எதிர்தரப்பு வக்கீல் அனுபவசாலி. நகலைப் பார்த்ததும் அவர் கண் மார்பகக் கட்டத்துக்குப் போகவில்லை, ரத்த அழுத்தக் கட்டத்துக்குப் போனது. பாருங்கள், இவருக்கு ரத்த அழுத்தமும் இருந்திருக்கிறது, அதையும் சொல்லவில்லை என்றார். நான் கொண்டுவந்த ஆவணத்தையே என் மீது திருப்பினார். தொழிலில் இதற்காகக் கோபப்படக் கூடாது. அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த அழுத்தம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே அன்றுதான் என்று காட்டினோம். அதற்கு முன் மாத்திரையும் இல்லை, சீட்டும் இல்லை. கூடவே சுலபா பிரகாஷ் மோட்டேகாவ்ங்கர் எதிர் எல்.ஐ.சி. வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் வைத்தேன். அந்த வழக்கில் மறைத்ததாகச் சொல்லப்பட்டது முதுகெலும்புத் தேய்மானம், இறப்பு இதய நோயால். சம்பந்தமில்லாத நோயைக் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம்.

அடுத்த வாதம்தான் கனமானது. நர்ஸ் கையால் தடவிப் பார்த்தது ஒரு பரிசோதனையா? மேமோகிராம் எடுத்தீர்களா? சிறிய கட்டி கைக்குத் தட்டுப்படாமல் உள்ளே இருந்திருக்கலாமே?

இதில் பாதி உண்மை. கைப்பரிசோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. ஆனால் அதை ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை இரு பிரிவாக்கி இருபது வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2021-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வெறும் கையால். நோய் முற்றுமுன் கண்டுபிடிப்பது கூடியது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளைய வயதினரிடம் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அக்கா ஐம்பதைத் தாண்டியவர்.

ஆய்வை வைத்துக்கொண்டு நான் அதிக நேரம் எடுக்கவில்லை. கேட்டது ஒன்றுதான். பயிற்சி பெற்ற செவிலியரின் விரலுக்கே 2021 பிப்ரவரியில் தட்டுப்படாத கட்டி, அதற்கு ஒன்றேகால் வருடத்துக்கு முன்னால், 2019 நவம்பரில், எந்தப் பயிற்சியும் இல்லாத இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அதை அவர் மறைத்திருக்க முடியாது. வெளியே தெரிந்திருந்தால் செவிலியர் எழுதியிருப்பார். 'முன்பே இருந்த நோய்' என்பதற்கு அவர்கள் பாலிசியிலேயே வரையறை அச்சிட்டிருந்தது: பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 48 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய். உடம்பில் எங்கோ தொடங்கியிருக்கலாம் என்ற அனுமானத்துக்கு அந்த வரையறையில் இடமில்லை.

நுகர்வோர் வழக்கு வாக்குமூலத்தையும் ஆவணத்தையும் வைத்தே பெரும்பாலும் முடிந்துவிடும். அக்கா கூண்டில் ஏறி நாலு ஆண்களுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிர்தரப்பு எழுத்தில் வினாப்பட்டியல் கொடுத்தது, எழுத்தில் பதில் கொடுத்தோம். ஒரு கேள்வி: ஜனவரியில் கண்ட கட்டிக்கு ஏப்ரல் வரை ஏன் மருத்துவமனை செல்லவில்லை? மூன்று மாதம் காத்திருந்தவர் மூன்று ஆண்டும் காத்திருந்திருப்பார் என்பது உள்ளர்த்தம்.

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். கட்டி தெரிந்த வாரமே செவிலியரிடம் போயிருக்கிறார். அவர் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நாற்பது கிலோமீட்டருக்குள்தான். துணைக்கு ஆள் வேண்டும். வீட்டுக்காரர் வெளியூரில் சாரத்தில். மகளுக்கு அப்போது நிறைமாதம். மகனிடம் போனில் சொன்னால் பயந்துவிடுவான் என்று சொல்லவில்லை. அப்புறம் பங்குனி. கொன்னையூர் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தார், ஆத்தாளுக்குச் செய்துவிட்டுத்தான் என்று தள்ளிப்போட்டார். திருவிழா முடிந்து மகனுக்குத் தெரிந்தபோது, பாலிசி இருக்கிறதே, மதுரையில் பெரிய இடத்தில் பார்ப்போம் என்றான்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவித்த மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, நோயாளி முதலில் வந்து நின்ற நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதி செய்யப்பட வேண்டும் என்கிறது. அக்கா விஷயத்தில் அந்த நாட்கள் போனது அந்தச் சீட்டுக்கும் அடுத்த மருத்துவமனைக்கும் நடுவில். செவிலியர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். சீட்டு கொடுத்த பிறகு போய்ச் சேர்ந்தாரா என்று பின்தொடர்வதும், கூட்டிப்போக ஒரு ஆளை அனுப்புவதும் யார் வேலை? தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பெண் தன்னார்வலர் வாசலுக்கு வருகிறார். மாத்திரைக்கு இருக்கிற அந்தக் கரிசனம் இந்தச் சீட்டுக்கும் வர வேண்டும் என்பது என் கட்சி. இந்தியாவில் பெண்களுக்கு வரும் புற்றுநோயில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். 2022-க்கான உலகக் கணக்கின்படி இங்கே ஒரு வருடத்தில் புதிதாக ஏறக்குறைய 1.92 லட்சம் பேர், இறப்பு 98 ஆயிரத்தைத் தாண்டுகிறது.

அறுவைக்குப் பிந்திய கதையை வழக்குக் கட்டில் சேர்க்க எனக்கு இடம் கிடைத்தது 'மன உளைச்சலுக்கான இழப்பீடு' என்ற ஒற்றைப் பத்தியில்தான். காப்பீடு கைவிட்டதும் மேற்கொண்டு சிகிச்சைக்கு அரசுக்குப் போனார்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனையின் பாலரெங்காபுரம் பிரிவில் கதிர்வீச்சு. மருந்துக்குக் காசு கட்ட வேண்டாம். பஸ்சுக்குக் கட்ட வேண்டும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்சில்தானே, பொன்னமராவதியிலிருந்து மதுரைக்குப் போவது புறநகர்ப் பேருந்து. ரயிலில் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு. நல்ல சலுகை, பொன்னமராவதிக்கு ரயில்தான் இல்லை. போக வர முடியாமல் மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள்.

ஆறு மாதத்தில் இடது கை வீங்கத் தொடங்கியது. அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தால் சிலருக்கு வரும் நிணநீர் வீக்கம். கைக்கு என்ன பயிற்சி, எந்தப் பாரத்தைத் தூக்கக் கூடாது என்று தனியார் மருத்துவமனை ஒரு தாள் கொடுத்திருந்தது, ஆங்கிலத்தில். அது பில்களோடு பைக்குள் மடிந்து கிடந்தது. அக்கா அந்தக் கையால்தான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். ரவிக்கைக்குள் பழைய சேலைத் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்கிறார் என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை, மகள் சொன்னாள். இதற்கென்றே செயற்கை மார்பகம் விற்கிறது, வீக்கத்துக்கு அழுத்தக் கையுறை கிடைக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. இரண்டின் விலையையும் கோரிக்கையில் சேர்த்தேன்.

முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் புதுக்கோட்டை. தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்தவர், 1954-இல் சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். எழுபது வருடம் ஆகப்போகிறது, அவர் மாவட்டத்துப் பெண் ஒருவர் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஆணைய வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்று வாதத்தில் சொல்லலாமா என்று ஒருமுறை யோசித்தேன். சொல்லவில்லை. ஆணையத்தில் அந்த மாதிரிப் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது.

2024-இல் உத்தரவு வந்தது. மருத்துவச் செலவு முழுவதையும் மறுப்புத் தேதியிலிருந்து 9 சதவீத வட்டியோடு தர வேண்டும், மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரம், வழக்குச் செலவு பத்தாயிரம். ஏ7 ஆவணம் அரசு அலுவலர் தன் பணியின் வழக்கமான போக்கில், வழக்கு வரும் என்று தெரியாத காலத்தில் எழுதியது, அதை ஐயப்படக் காரணமில்லை என்று ஆணையம் பதிவு செய்தது. டிஸ்சார்ஜ் சம்மரி நிரூபிக்கப்படவில்லை. கையுறைக்கும் செயற்கை மார்பகத்துக்கும் கேட்டது தள்ளுபடி: பாலிசியில் அதற்கு வழியில்லை. அந்தப் பகுதியில் நாங்கள் தோற்றோம். பாலிசியின் வாசகப்படி அது சரியான தீர்ப்புதான். தவறு பாலிசியில்.

நிறுவனம் மேல்முறையீடு போகவில்லை. போனால் 45 நாளுக்குள் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்துக்குப் போக முடியும். பணத்தை அனுப்பிவிட்டார்கள். நகையை மீட்டது போக மிச்சத்தில் முதலில் வாங்கியது அழுத்தக் கையுறையைத்தான் என்று மகள் போனில் சொன்னாள்.

இதைப் படிக்கிற பெண்களுக்குச் சில வார்த்தைகள். சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொண்டால், ஒன்றுமில்லை என்று வந்தாலும், தேதியோடு எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு வையுங்கள். பாலிசிப் படிவத்தை ஏஜெண்ட் நிரப்பினால் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் அதன் தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். வக்கீல் வைக்கக் காசில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி இலவச சட்ட உதவிக்குப் பெண்ணாக இருந்தால் போதும், வருமான வரம்பு கிடையாது. கூப்பிட வேண்டிய எண் 15100.